நாய்க்குக் காட்டாதவை

ஏட்டு படுத்துவிட்டது.

பட்டி வாசலில் தேய்ந்து குழிந்திருந்த கல்லின் மேல், முன்கால்களை நீட்டி, அவற்றின் மேல் முகவாயை வைத்து, வேலை முடிந்த நாய் எப்படிப் படுக்குமோ அப்படிப் படுத்திருந்தது. இரண்டு கையிலும் தவிட்டு வாளியோடு லாயத்திலிருந்து வெளியே வந்தவள் அதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள். வாளிகளைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. கம்பிப் பிடி விரல்களை அறுத்தது.

பத்து நாளாக அந்த நாய் படுக்கவில்லை.

அதன் வேலை எளிமையானது. தீவு முழுக்கச் சிதறி மேயும் மட்டக்குதிரைகளை மாலையில் ஓட்டிக்கொண்டு வந்து பட்டிக்குள் விட வேண்டும். கடைசிக் குதிரை உள்ளே வரும்வரை அது உட்காரக்கூட உட்காராது. எண்ணிக்கை சரியானதும் வாசல் கல்லில் படுத்துவிடும். உள்ளே போகிற ஒவ்வொன்றையும் ஸ்டேஷனுக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல் முறைத்துப் பார்க்கும் என்பதால் அதற்கு ஏட்டு என்று பெயர் வைத்தது அவள் கணவன். அந்த வீட்டில் யாரும் குதிரைகளை எண்ணுவதில்லை. ஏட்டு படுத்திருக்கிறதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஒன்பது வருடத்தில் அது ஒருமுறைகூடத் தப்பு செய்ததில்லை.

பன்னிரண்டு குதிரைகள் இருந்தன. பத்து நாளைக்கு முன் கிழவி செத்துப்போனாள். கிழவி என்பது கூட்டத்துக்கே மூத்த பெண்குதிரை. அன்றிலிருந்து பதினொன்று. ஆனால் ஏட்டுக்கு அது பன்னிரண்டுதான். பதினொன்றை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பவும் பனிமூட்டத்துக்குள் ஓடும். விடிந்த பிறகு வயிறெல்லாம் சேறாக, நாக்கு தொங்க, தனியாக வரும்.

இன்று படுத்திருக்கிறது.

அவள் வாளிகளை வைத்துவிட்டு வேலியருகே போனாள். குளிர்காலத்தில் அந்தத் தீவில் பகல் என்பது பேருக்குத்தான். நாலு மணிக்கே கடலிலிருந்து ஏறிய மூட்டம் பட்டியின் தூரத்துப் பக்கத்தை விழுங்கியிருந்தது. ஈர மயிர் வாடை, சாண வாடை, மிதிபட்ட புல்லின் வாடை, எல்லாவற்றுக்கும் அடியில் வெட்டிய சேற்றின் குளிர்ந்த வாடை. அவள் விரலை நீட்டி எண்ணினாள். மூக்கன். கட்டை. எந்நேரமும் கனைத்துக்கொண்டே இருக்கும் வக்கீல், இன்று வாயே திறக்காமல். குட்டிகள் இரண்டு. பதினொன்று. திரும்ப எண்ணினாள். பதினொன்று.

எல்லாம் இடது பக்க வேலியோடு ஒட்டி, ஒன்றின் வயிறு இன்னொன்றின் வயிற்றில் நசுங்க நின்றன. தண்ணீர்த் தொட்டியின் பக்கம் காலியாக இருந்தது. அது கிழவியின் இடம். அவள் இருந்தவரை வேறு எதையும் அங்கே நிற்க விடமாட்டாள், கடித்து விரட்டுவாள். அவள் செத்த இரண்டாம் நாளே மூக்கன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டான். இப்போது மூக்கன் அங்கே இல்லை. சரியாக ஒரு குதிரை நிற்கும் அளவுக்கு இடம் விட்டு, அந்த இடத்தைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு, தள்ளி நின்றான்.

"அட, துரை படுத்துட்டாரா!"

நாத்தனார் டார்ச்சை ஆட்டிக்கொண்டு வந்தாள். கணவனின் தங்கை. நாற்பதைத் தாண்டியவள். கல்யாணம் செய்துகொள்ளாமல் குதிரைகளோடே இருந்துவிட்டவள். பெரிதாகச் சிரிப்பாள். நாலு மாதத்துக்கு முன் அவளுடைய அண்ணன் செத்ததிலிருந்து சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிடும் பழக்கம் வந்திருந்தது.

"ஒருவழியா மண்டையில ஏறிச்சு போல. கிழவி போய்ச் சேர்ந்துட்டா, இனிமே தேடறதுல பிரயோஜனம் இல்லன்னு."

"ம்."

"எனக்கு அதான் புரியல அண்ணி. நீங்கதான் அவனுக்குக் காட்டிட்டீங்களே. காட்டின பிறகும் ஏன் பத்து நாள் தேடினான்?"

"காட்டினேன். தேடினான். நான் என்ன பண்றது?"

"மூக்கடைப்பா இருந்திருக்கும்." நாத்தனார் சிரித்தாள். நிறுத்தினாள். "எதுக்கு எல்லாம் ஒரே பக்கமா நெருக்கிட்டு நிக்குது? பஸ்ஸுக்கா?"

அவள் வேலியை விட்டு வாசல் கல்லுக்குப் போனாள். குனிந்து ஏட்டின் கழுத்துப் பட்டையைப் பிடித்தாள். நாய் தலை தூக்கி அவளைப் பார்த்தது. அதன் வாயிலும் மூக்கிலும் கருஞ்சேறு காய்ந்திருந்தது. அது களைத்திருந்தது. திருப்தியாகவும் இருந்தது.

அந்தத் தீவில் குதிரை வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் ஒரு வழக்கம் உண்டு. குதிரை செத்தால் மூடுவதற்கு முன் மேய்ப்பு நாயைக் கூட்டி வந்து காட்ட வேண்டும். நாய் சுற்றி வந்து முகர்ந்து பார்க்கும். சில நாய்கள் ஒருமுறை நக்கும். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விடும். அதற்குப் பிறகு அந்தக் குதிரையை அது தேடாது. காட்டாமல் விட்டால் தேடிக்கொண்டே இருக்கும், தேடித் தேடிச் சதுப்பில் விழுந்து சாகும். வடக்குக் கரையில் ஒரு வீட்டில் அப்படி இரண்டு நாய் போயிருக்கிறது. பக்தியோ சடங்கோ கிடையாது. நாயைக் காப்பாற்றும் வழி, அவ்வளவுதான்.

அவள் காட்டவில்லை.

கிழவி விழுந்தது தெற்கே இருக்கும் பள்ளத்தில். முன்னங்கால் விறைத்த குதிரை, மழையில் சறுக்கிவிட்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது மூச்சு நின்றிருந்தது. நாயோ தீவின் மறு கோடியில் நாத்தனாரோடு இருந்தது. போய்க் கூட்டி வர ஒரு மணி நேரம், திரும்பி வர ஒரு மணி நேரம். மழை முகத்தில் அடித்தது. அவள் ஒரு தார்ப்பாயைக் கிழவியின் மேல் போர்த்தி, நரி தோண்டாதபடி மூன்று மணி நேரம் தனியாகக் கல் அடுக்கினாள். வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் கேட்டாள். காட்டிட்டேன் என்றாள். அதைச் சொல்லிவிட்டால்தான் உட்கார முடியும் என்பதால் சொன்னாள்.

அவள் களைப்பு பத்து நாளின் களைப்பு அல்ல. இரண்டு வருடம் கணவன் படுக்கையில் கிடந்தான். நுரையீரல். பேசினால் இருமல் வரும் என்பதால் ஒரு ஸ்பூனை வைத்துக்கொண்டு இரும்புக் கட்டிலின் சட்டத்தில் தட்டுவான். இரண்டு தட்டு என்றால் தண்ணீர். மூன்று தட்டு என்றால் புரட்டிப் போடு. ராத்திரியில் பத்து முறை, பதினைந்து முறை. கடைசியில் கரைக்குப் படகில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மூன்று வாரத்தில் முடிந்தது. கிருமி பரவும் என்று பெட்டியை ஆணி அடித்து, மேலே பிளாஸ்டிக் சுற்றித்தான் கொடுத்தார்கள். படகில் அதோடு அவள் வந்தாள். துறையிலிருந்து நேராக இடுகாடு. நாத்தனார் பார்த்தது அந்தப் பெட்டியை. அன்று இரவு அவள் பதினான்கு மணி நேரம் தூங்கினாள். "அண்ணி அதிர்ச்சில இருக்காங்க" என்று நாத்தனார் படகுக்காரரிடம் சொல்லியிருந்தாள்.

வீட்டு மனிதர்களையும் நாய்க்குக் காட்டுவதுண்டு. குதிரைகள் முடிந்ததும் ஏட்டின் இரண்டாவது வேலை வீடு. எல்லோரும் உள்ளே வந்த பிறகு நிலைப்படியில் குறுக்கே படுத்துக்கொள்ளும். நாலு மாதமாக அது நிலைப்படியில் படுக்கவில்லை. இடுகாட்டுக்குப் போய்த் தோண்டியது. இடுகாட்டைப் பார்த்துக்கொள்வதும் படகுக்காரர்தான். "கட்டிப் போடுங்கம்மா, பார்க்க நல்லால்ல" என்றார். அன்றிலிருந்து பட்டி வேலை முடிந்ததும் ஏட்டுக்குச் சங்கிலி. கிழவி செத்த பிறகுதான் சங்கிலிக்கு வேலையில்லாமல் போயிற்று, நாய் திரும்பி வந்தால்தானே கட்ட.

இப்போது கட்டினாள். நாய்க்கொட்டகையின் வளையத்தில் கொக்கியை மாட்டி இரண்டுமுறை இழுத்துப் பார்த்தாள். நாத்தனார் முன்னால் போய்விட்டாள். முற்றத்துக் கற்களின் மேல் மூட்டம் படிந்திருந்தது. பட்டிக்குள் குளம்புச் சத்தம். ஒரே ஒரு குதிரை, மெதுவாக, தண்ணீர்த் தொட்டியை நோக்கி நடக்கிற சத்தம். டக். டக். டக். பிறகு கல்லை உரசி இழுக்கும் ஒரு காலின் சத்தம். டக். டக். டக். ஸ்ர்ர்ர்.

அந்தக் கால் இழுவையை அவள் பதினெட்டு வருடம் கேட்டிருக்கிறாள்.

அவள் திரும்பவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலையில் லாயத்து ஆணியில் கவிழ்த்து மாட்டியிருந்த கிழவியின் வாளி ஆணியில் இல்லை. பட்டிக்குள், தொட்டியின் பக்கத்தில் இருந்தது. உள்ளே வழித்து நக்கியிருந்தது. விளிம்பில் கருஞ்சேறு. அதில் ஒட்டியிருந்த இரண்டு நீளமான நரைத்த மயிர்.

"அண்ணி, இதுங்களுக்கு என்ன வந்துச்சு?" நாத்தனார் பட்டி வாசலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பதினொன்றும் நேற்று நின்ற இடத்திலேயே நின்றன. "ஒண்ணுகூட வெளிய வரமாட்டேங்குது. வாசலுக்கு வரணும்னா தொட்டியைத் தாண்டி வரணும். தாண்டமாட்டேங்குது. வக்கீலைப் பிடிச்சு இழுத்தேன், என்னையே மிதிக்க வர்றான்."

"குளிரா இருக்கும். விடு."

"குளிர் இன்னைக்குத்தான் வந்துச்சா?" நாத்தனாரின் பார்வை அவள் தொட்டியருகிலிருந்து எடுத்து வந்திருந்த வாளிக்குப் போயிற்று. அது யாருடைய வாளி என்று நாத்தனாருக்கும் தெரியும். 

மதியம் அவள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தாள். அவள் நினைத்ததில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை. கல்லை எடுத்துவிட்டு, நாயைக் கூட்டிப் போய், பத்து நாள் முன்னால் செய்ய வேண்டியதை இன்று செய்துவிடலாம். காட்டிவிடலாம். செத்தது செத்ததாக இருக்கட்டும். முதலில் கல்லை எடுக்க வேண்டும், அதற்கே இரண்டு மணி நேரம் ஆகும், அதுவரை நாய் சங்கிலியில் கிடக்கட்டும்.

பள்ளத்தில் மூட்டம் தேங்கியிருந்தது. ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. கற்குவியல் அவள் அடுக்கியபடியே இருந்தது. ஒரு கல்கூட நகரவில்லை. மூச்சு விட்டாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

ஈர மண்ணில் குளம்படி. லாடம் அடிக்காத சிறிய குளம்பு. மூன்று தெளிவான பதிவு, நான்காவது நீளமான கோடு. மூன்று பதிவு, ஒரு கோடு. பக்கத்திலேயே நாயின் கால் தடம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி, ஓட்டிக்கொண்டு போகிற நாயின் தடம். அவள் அதைப் பின்னோக்கித் தொடர்ந்தாள். குளம்படிகள் குவியலின் ஓரத்தில் தொடங்கின. குவியலுக்கு வந்த தடம் எதுவும் இல்லை. போன தடம்தான்.

அவள் கற்களை எடுத்தாள். கடப்பாரையை மறந்துவிட்டுக் கையால் எடுத்தாள். நகம் பிளந்தது. மேல் வரிசை. அடுத்த வரிசை. பெரிய கல் இரண்டு. அவள் வைத்த அதே ஒழுங்கில், ஒன்றின் மேல் ஒன்று பொருந்தி, எல்லாம் அப்படியே. அடியில் தார்ப்பாயின் நீலம் தெரிந்தது.

தார்ப்பாய் தட்டையாக இருந்தது.

மேசை விரிப்பு மாதிரித் தட்டையாக. அவள் அதன் மேல் கையை வைத்து அழுத்தினாள். கீழே தரை இருந்தது. தரை மட்டும்தான்.

அவள் ஓடவில்லை, ஓடும் உடம்பு அவளுக்கு இல்லை. நடந்தாள். நடக்கும்போது ஒரே ஒரு நினைப்பு கூடவே வந்தது. பட்டி முடிந்துவிட்டது. பன்னிரண்டும் வந்துவிட்டன. ஏட்டுக்கு இனி வீட்டு வேலைதான் பாக்கி. சங்கிலி கெட்டியான சங்கிலி. கொக்கியை இரண்டுமுறை இழுத்துப் பார்த்தோம். இரண்டுமுறை.

நாய்க்கொட்டகையின் முன்னால் கவிழ்த்த வாளியின் மேல் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் சங்கிலி இருந்தது.

"ஏட்டு எங்க?"

"அவிழ்த்து விட்டுட்டேன்."

"எப்போ?"

"நீங்க கடப்பாரையைத் தூக்கிட்டுத் தெற்கே போனீங்கல்ல. அப்பவே." நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். "ஏற்கெனவே காட்டினதை யாரும் கடப்பாரை வச்சுத் தோண்ட மாட்டாங்க அண்ணி."

அவள் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"திட்டப்போறேன்னு நினைக்காதீங்க. கையெடுத்துக் கும்பிடுறேன். நேத்து அந்தக் காலை இழுக்கிற சத்தம் எனக்கும் கேட்டுச்சு. காலையில வாளியைப் பார்த்தேன். நம்ம பயல் காட்டாததைக் கூட்டிட்டு வந்துடறான்."

"அது குதிரை. இது..."

"எனக்கு யாரும் எதையும் காட்டல. ஒரு பெட்டி வந்துச்சு. உள்ள உங்க அண்ணன் இருக்காருன்னாங்க. சரின்னேன். குதிரைக்குத் தீனி வைக்க ஆள் வேணும்னு என்னை இங்கயே விட்டுட்டுப் போனீங்க, மூணு வாரம். கடைசியா அவர் முகத்தைப் பார்த்தது படகுல ஏத்தினப்போ. அதுவும் பாதி முகம். மீதி கம்பளி."

"நான் பார்த்தேன். கண்ணாடி வழியா. எல்லாம் முடிஞ்ச பிறகு கூப்பிட்டுக் காட்டினாங்க." அவள் குரல் அவளுக்கே தட்டையாகக் கேட்டது. "அதை நீ பார்க்க வேண்டாம்."

"எப்படி இருந்தாலும் என் அண்ணன்தானே."

"நாலு மாசம் ஆச்சு. மண்ணுக்குள்ள. நாலு மாசம்."

"வரட்டும். வந்தா நான் பார்த்துக்கறேன்."

"நீ பார்த்துப்ப?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. வறண்ட, சத்தமில்லாத சிரிப்பு. "ராத்திரி தண்ணி கேட்டாரே. ரெண்டு வருஷம். ஒருநாள், ஒரே ஒருநாள் நீ எழுந்து வந்தியா? கதவுக்கு அந்தப் பக்கம் முழிச்சுக்கிட்டே படுத்திருப்ப. நீ புரள்ற சத்தம் எனக்குக் கேட்கும்."

நாத்தனார் சங்கிலியைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். 

இடுகாடு வடக்கு மேட்டில் இருந்தது. முக்கால் மணி நேர நடை. போய் நாயைத் தடுத்திருக்கலாம். மூட்டம் என்று சொல்லலாம், இருட்டப் போகிறது என்று சொல்லலாம். அவளால் முடியவில்லை, அதுதான் உண்மை. முற்றத்துச் சுவர்வரை போய் விரலை வாயில் வைத்து இரண்டுமுறை சீட்டி அடித்தாள். மூட்டம் அதை வாங்கிக்கொண்டது.  வீட்டுக்குள் வந்து முன்கதவுக்கும் பின்கதவுக்கும் தாழ் போட்டாள்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வீட்டின் இன்னொரு நாய், வயதான குண்டு, அடுப்போரம் கிடந்தது. சாப்பாட்டு நேரம் தவிர வேறு எதற்கும் எழாத நாய். மேசையின் ஒரு பக்கம் அவள் உட்கார்ந்தாள், எதிரே நாத்தனார். மேசைக்கு அப்பால் உள்ளறைக் கதவு. அதற்குள் இரும்புக் கட்டில், மெத்தையில்லாமல். மெத்தையை அவள் எரித்துவிட்டாள். ஸ்பூனைக் கடலில் எறிந்தாள். கட்டிலைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்று விட்டுவைத்தாள்.

நாத்தனார் எழுந்து பின்கதவோரம் கிடந்த அண்ணனின் ரப்பர் பூட்ஸைத் துணியால் துடைத்து, ஜோடியாக, நுனி உள்பக்கம் பார்க்கும்படி வைத்தாள்.

"எடு அதை."

"இருக்கட்டும் அண்ணி."

கடிகாரம் ஐந்தரை காட்டியது. கூரையிலிருந்து மூட்டம் சொட்டுச் சொட்டாக வடிந்தது. அடுப்பில் கட்டை வெடித்தது. பட்டியில் வக்கீல் கனைத்தது. நேற்றிலிருந்து முதல் முறை. நீளமாக. பிறகு எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் நகர்ந்து வேலியில் மோதும் சத்தம், மரம் முறுகும் சத்தம். யாரோ பட்டியைக் கடந்து வருகிறார்கள்.

பிறகு அமைதி.

குண்டு எழுந்தது. அடுப்பை விட்டு, சூட்டை விட்டு, வயிறு தரையைத் தேய்க்க நடந்து போய் மேசைக்கடியில் நுழைந்து அவள் பாதத்தில் உடம்பை அழுத்திக்கொண்டது. நடுங்கியது.

முன்கதவில் பிறாண்டல்.

"திறக்காதே."

"ஏட்டுதான் அண்ணி."

"தெரியும். திறக்காதே."

நாத்தனார் தாழை எடுத்தாள்.

மூட்டம் தரையோடு தரையாக உள்ளே வந்தது. அதோடு அந்த வாடை. வெட்டிய சேறு. அதற்குள் இன்னொன்று, ஆஸ்பத்திரி மருந்தின் இனிப்பு. ஏட்டு வாசலில் நின்றது. காது வரை மண். முன்கால் நகங்களில் ரத்தம். உள்ளே வரவில்லை. பின்னால் பார்த்தது. பக்கவாட்டில் போய் நின்றது. கடைசிக் குதிரையை வாசலுக்குள் விடும்போது எப்படி நிற்குமோ, அப்படி.

வாசலுக்கு வெளியே யாரும் இல்லை. மூட்டம். முற்றத்துக் கல். அவ்வளவுதான்.

"அண்ணா?" என்றாள் நாத்தனார், சின்னக் குரலில்.



நாத்தனார் கதவைப் பிடித்தபடி ஒரு அடி பின்னால் வைத்து ஒதுங்கினாள். ஏன் ஒதுங்கினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஒருவருக்கு வழிவிடும் அளவுக்கு. சரியாக ஒருவருக்கு.

குளிர் ஒன்று மேசையைக் கடந்து போயிற்று.

ஏட்டு உள்ளே வந்தது. நாத்தனாரின் கையை முகர்ந்தது. மேசையைச் சுற்றி வந்து அவள் முழங்காலை முகர்ந்தது. உள்ளறைக் கதவின் இடுக்கில் மூக்கை வைத்து நீளமாக இழுத்தது. ஒருமுறை வாலாட்டியது. பிறகு திரும்பி நடந்தது.

வேண்டாம் என்று நினைத்தாள். படுக்காதே. உட்கார், நில், ஓடு. படுக்காதே.

நிலைப்படியில் ஒரு சுற்று சுற்றியது. முன்கால்களை நீட்டியது. முகவாயை வைத்தது. நாலு மாதத்தில் முதல் முறையாக, எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்ட நாயின் பெருமூச்சு.

ஏட்டு கண்ணை மூடிக்கொண்டது.

நாத்தனார் கதவோடு சாய்ந்து கீழே சரிந்து உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண் உள்ளறைக் கதவிலேயே இருந்தது. இனி நாத்தனார் எழமாட்டாள். கூப்பிட்டாலும் எழமாட்டாள். அது அவளுக்குத் தெரிந்தது. அதில் கோபம்கூட வரவில்லை.

உள்ளே இரும்பு முனகியது. பாரம் ஏறும் முனகல். மெத்தையில்லாத சட்டத்தில்.

பிறகு.

டொக். டொக்.

ஸ்பூன் கடலில் கிடக்கிறது. இது ஸ்பூன் அல்ல. இன்னும் மழுங்கிய ஒன்று.

டொக். டொக்.

அவள் உட்கார்ந்திருந்தாள். மனம் உட்கார்ந்திருந்தது. கால்கள் எழுந்துவிட்டன. இரண்டு வருடம் பழகிய கால்கள், யாரையும் கேட்பதில்லை. கை டம்ளரை எடுத்தது. பானையில் முக்கியது. விளிம்புவரை நிரப்பினால் சிந்தும், முக்கால் டம்ளர். அதுவும் கைக்குத் தெரிந்திருந்தது. கதவைத் தோளால் தள்ளினாள்.

விளக்குப் போடவில்லை. போடுவதில்லை, வெளிச்சம் கண்ணைக் கூசும் என்பான். மூன்று எட்டு வைத்தாள். கட்டில் முனை. நின்றாள். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு டம்ளரை இருட்டுக்குள் நீட்டினாள்.

டம்ளரின் கனம் கையைவிட்டுப் போயிற்று.

குடிக்கும் சத்தம். தொண்டை இல்லாமல் குடிக்கும் சத்தம். தண்ணீர் எங்கேயும் நிற்காமல் இரும்பு வழியாகச் சொட்டி, தரையில் விழுந்து, அவள் பாதத்தை நனைத்தது. காலி டம்ளர் திரும்ப அவள் கைக்குள் வந்தது. விளிம்பெல்லாம் மண்.

இனிமேல் சாகவும் மாட்டார் என்று நினைத்தாள்.

வெளியே நாய் தூக்கத்தில் குறட்டை விட்டது.

டொக். டொக். டொக்.

அவள் டம்ளரைத் தரையில் வைத்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். புரட்டுவதற்காகக் குனிந்தாள்.